கோபக்கார ராஜாவுக்குப் பிறந்த பிள்ளை

மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்று இருபதுக்கு, என் கடையில் ஒரு இளவரசனுக்குப் பதினாறு வயது நிறைந்தது. ஒன்று இருபத்தொன்றுக்கு என் கீபோர்ட் உடைந்தது.

நிமிஷக் கணக்கு எதற்கு என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். பழைய வாசகர்கள் கேட்க மாட்டீர்கள். மழை எத்தனை மணிக்கு விட்டது என்பதைக்கூட எழுதி வைக்கிற ஆள் நான். அந்தப் பழக்கம் இந்த மூன்று வாரத்துக்குள் எனக்கே ஒரு குட்டு வைத்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தெரணியகலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எனக்கு ஒரு போட்டோகொப்பி கடை. கொப்பி எடுப்பதைவிட விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற வேலைதான் அதிகம். அதைச் செய்கிறவன் ரஞ்சன். முப்பத்திரண்டு வயது. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் டைப் அடிப்பான். சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் அவனைத் தேடித்தான் வருகிறார்கள். நான் பின்னால் உட்கார்ந்து நோட்டுப் புத்தகம் எழுதுகிறவன்... அதாவது முதலாளி.

பகல் சாப்பாட்டு நேரத்தில் ரஞ்சன் ஒரு கேம் விளையாடுவான். சுட்டுத் தள்ளுகிற கேம் இல்லை. மத்திய கால ராஜாக்களின் கேம். நீங்கள் ஒரு ராஜா. கல்யாணம் செய்கிறீர்கள், பிள்ளை பெறுகிறீர்கள், சண்டை போடுகிறீர்கள், ஒரு நாள் சாகிறீர்கள். ஆனால் கேம் முடிவதில்லை! உங்கள் வாரிசாக நீங்களே தொடர வேண்டும். வாரிசு எப்படிப்பட்டவனோ அப்படித்தான் உங்கள் மிச்ச ஆட்டம்.

ரஞ்சனுடைய ராஜாவின் பெயர் முதலாம் ரஞ்சன். வம்சத்தின் பெயர் தெரணியகலை வம்சம். கொடியில் இறப்பர் மரம் வரைய முடியவில்லை என்பது ஒன்றுதான் அவனுக்குக் குறை.

அதில் ஒவ்வொரு ஆளின் படத்துக்குக் கீழும் சின்னச் சின்னப் பொம்மைகள் இருக்கும். அவைதான் அந்த ஆளின் குணங்கள். சில பிறக்கும்போதே வருகிறவை: அழகு, கூர்மையான புத்தி, கூன், திக்குவாய். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வர நிறைய வாய்ப்பு. ஒருவருக்கு மட்டும் இருந்தால் குறைவு. சில நேரம் மகனிடம் மறைந்துவிட்டுப் பேரனிடம் எட்டிப் பார்க்கும். இன்னொரு வகை, பிள்ளை வளர்கிறபோது ஒட்டிக்கொள்கிறவை: பொறுமை, கஞ்சத்தனம், கோபம். யார் கையில் வளர்கிறது, எதைப் பார்த்து வளர்கிறது என்பதைப் பொறுத்து.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தை ரஞ்சன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அன்று மறந்துவிட்டது அவனேதான். கீபோர்டை ஓங்கிக் குத்திவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன ரஞ்சன்?"

"ஒண்ணுமில்ல அண்ணே. புது கீபோர்ட் வாங்கித் தந்துர்றேன்."

"நான் கீபோர்ட கேக்கல. ஒன்ன கேக்குறேன்."

ஸ்கிரீனைக் காட்டினான். "பாருங்க, மூத்தவன். நானே பக்கத்துல வச்சி வளத்தேன். படிப்பு, கத்திச் சண்டை எல்லாம் நானே. பதினாறு ஆனதும் வந்து நிக்குது பாருங்க, செவத்த மூஞ்சி."

சிவந்த மூஞ்சிப் பொம்மைக்கு அர்த்தம் கோபக்காரன்.

"யாரு மூஞ்சி அது?"

"ராஜா மூஞ்சி. என் மூஞ்சி. எங்கப்பா மூஞ்சி. கங்காணி ரத்தம் அண்ணே! கேம்லகூட விட மாட்டேங்குது."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கங்காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் வீரமுத்துக் கங்காணியைத் தெரியாதவர்கள் இல்லை. அவரைப் பார்த்தவர்கள்தான் இப்போது யாரும் இல்லை. இந்தியாவிலிருந்து ஒரு கூட்டத்தை அழைத்து வந்து, அந்தக் கூட்டத்துக்கு ராஜாவாகவே இருந்தவர். கோபம் வந்தால் குடையால் அடிப்பாராம். ஒரு தடவை தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரையை அடித்தார் என்று ஒரு கதை. துரையையே அடித்தார் என்று இன்னொரு கதை. நான் குதிரைக் கதையை நம்புகிற கட்சி.

ரஞ்சனின் தாத்தா முத்தையாவின் பிறப்புச் சான்றிதழில், தகப்பன் பெயர் என்ற இடத்தில் 'வீரமுத்துக் கங்காணி' என்றுதான் இருக்கிறது. ஆக, ரஞ்சன் கங்காணியின் கொள்ளுப்பேரன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீட்டுக்குக் 'கங்காணி வீடு' என்றே பெயர்.

ரஞ்சனின் காலஞ்சென்ற அப்பா ராமையா இறப்பர் பால் வெட்டியவர். மரத்திடம் அவ்வளவு பொறுமை. மனிதர்களிடம் இல்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். அந்த வீட்டில் நசுங்காத அலுமினியத் தட்டு இருந்ததில்லை என்பான் ரஞ்சன். பக்கத்து வீடுகளில் யாரும் தட்டிக் கேட்டதில்லையாம். "கங்காணி ரத்தம்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். சிலர் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்களாம்.

அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ரஞ்சனின் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? ஒரு வம்சப் படம். கட்டம் கட்டமாகப் பெயர்கள் போட்டு, உச்சியில் வீரமுத்துக் கங்காணியைப் பொன் எழுத்தில் எழுதி, கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அவன் வீட்டு முன் அறையில் தொங்குகிறது.

கல்யாணமான இரண்டாம் மாதம் ஒரு நாள் ரஞ்சன் தேத்தண்ணி கிளாஸைச் சுவரில் எறிந்தான். மனைவி கலாவின் மேல் இல்லை, சுவரில்தான். ஆனால் கிளாஸ் கையை விட்டுப் போனதே தனக்குத் தெரியவில்லை என்று அப்போது சொன்னான். அந்தப் படத்துக்கு அடியில்தான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினானாம்.

இப்போது கலாவுக்கு மாதம் ஏழு.

உடைந்த கீபோர்டைத் துடைத்துக்கொண்டே ரஞ்சன் சொன்னான்: "அடுத்த வாரம் வெள்ளிக்கிழம கொழும்புல சைன் பண்ணணும் அண்ணே. கத்தார். ஸ்டோர் கீப்பர் வேலை. ரெண்டு வருஷம்."

நான் நோட்டை மூடி வைத்தேன். "கலா இப்படி இருக்கப்பவா போற?"

"இப்பதான் போகணும். இங்க பாருங்க."

ஸ்கிரீனில் இன்னொரு இளவரசன். "ரெண்டாவது பையன். சின்ன வயசுலயே வேற ராஜா வீட்டுக்கு அனுப்பிட்டேன், அங்கயே வளரட்டும்னு. எப்படி வந்திருக்கான் பாத்தீங்களா? அமைதியானவன்! ஒரே அப்பா, ஒரே அம்மா. இவன் என்னைப் பாத்து வளரல. அவ்வளவுதான்."

"ரத்தம்னு நீதான சொல்ற? ரத்தம்னா நீ கத்தார்ல இருந்தா என்ன, கஹவத்தையில இருந்தா என்ன?"

"புள்ளைக்கு ரத்தத்துல பாதிதான அண்ணே என்னுது. மிச்சப் பாதி கலா. நான் பக்கத்துல இல்லேன்னா அந்தப் பாதி ஜெயிச்சிரும். நான் அப்படி இல்ல. நான் முழுக் கங்காணி. நான் மாற மாட்டேன்."

அழுது சொல்லவில்லை. விண்ணப்பத்துக்குப் பிறந்த திகதி சொல்வது போலச் சொன்னான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குடும்பத்துக்காக வெளிநாடு போகிறவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கடையிலிருந்து எத்தனையோ பேருக்கு நாங்களே ஃபோர்ம் நிரப்பி அனுப்பியிருக்கிறோம். ஆனால் பிள்ளையிடமிருந்து தன்னைத் தூரமாக வைப்பதற்காக ஒரு ஆள் பிளேன் ஏறுவதை இப்போதுதான் கேட்கிறேன்.

வியாழக்கிழமை கிளினிக் கார்டு கொப்பி எடுக்கக் கலா வந்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். ரஞ்சன் அந்த நேரம் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தான்.

"அண்ணே, இவரு ஏன் போறாருன்னு ஒங்ககிட்ட என்ன சொன்னாரு? என்கிட்ட 'சும்மா, வெளிநாடு பாத்துட்டு வரலாம்னு'ங்கிறாரு. சும்மா பாக்கப் போறதுக்கு ரெண்டு வருஷமா?"

சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

முதலில் சிரித்தாள். "கேம்ல இருக்க புள்ளைய வச்சா என் புள்ளைக்கு முடிவெடுக்கிறாரு?" பிறகு சிரிப்பு நின்றது. "அண்ணே, எங்க காம்பராவுல பதினெட்டு புள்ளைங்க. தட்ட எறியிற புள்ளையும் இருக்கு, கடிக்கிற புள்ளையும் இருக்கு. ஒண்ணாவது பொறக்கும்போதே எறிஞ்சிக்கிட்டா பொறந்துச்சு? வீட்ல யாரோ எறிவாங்க. இது வந்து இங்க எறியும். நாங்க கையப் பிடிச்சி வச்சி, பிடிச்சி வச்சி... கொஞ்ச மாசத்துல விட்டுரும்."

"இத அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதான தங்கச்சி?"

"சொல்லாமயா இருப்பேன்? 'அதெல்லாம் சாதாரண புள்ளைங்க, நான் கங்காணி ரத்தம்'ங்கிறாரு. நான் என்ன பண்ண? நீங்கதான் கண்ணாடி போட்டு மாட்டிக் குடுத்துட்டீங்களே!"

நான் கொப்பி மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது?

திங்கட்கிழமை காலை. நல்ல மழை. மேல் டிவிஷனிலிருந்து காத்தாயி என்று ஒரு வயதான அம்மா வந்தார். எண்பதைத் தாண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழைக் கறையான் தின்றுவிட்டது, புதுப் பிரதி எடுக்க விண்ணப்பம் எழுத வேண்டும். ரஞ்சன் கேட்டுக் கேட்டு டைப் அடித்தான்.

"அப்பா பேரு என்னம்மா?"

"வீரமுத்துக் கங்காணி ஆளுங்க."

ரஞ்சன் அடித்தான். பிறகு நிமிர்ந்து வாசித்தான். "தகப்பன் பெயர், வீரமுத்துக் கங்காணி. சரிங்களா? அம்மா, அப்ப நீங்க எங்க தாத்தாவுக்குத் தங்கச்சியாகணுமே!"

காத்தாயி அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு வீட்டுப் புள்ள?"

"முத்தையா பேரன். ராமையா மகன்."

"அட, தட்டெறியிற ராமையா மகனா நீ? தம்பி, கங்காணி எப்ப எனக்கு அப்பா ஆனாரு? எங்கப்பா பேரு சடையன்."

"இப்பதான சொன்னீங்க, வீரமுத்துக் கங்காணின்னு?"

"கங்காணி ஆளுன்னு சொன்னேன். ஆபீஸ்ல கேட்டா அப்படித்தான சொல்லணும்? அந்தக் காலத்துல கிளாக்கர் ஐயா 'யாரு ஆளு?'ன்னுதான் கேப்பாராம். எங்கம்மா 'கங்காணி ஆளுங்க'ன்னு சொல்லியிருக்கு. அவரு அதையே எழுதிப்புட்டாரு. என் சர்டிபிகேட்லயும் அந்த மனுசன் பேருதான் கெடந்துச்சு. எங்க லயத்துல பாதிப் பேருக்கு அவருதான் அப்பா!" என்று சொல்லி, இருக்கிற நாலு பல்லும் தெரியச் சிரித்தார்.

நான் மிஷினை நிறுத்தினேன்.

ஆளு. எவ்வளவு சின்னச் சொல்! கங்காணி கூட்டி வந்த கூட்டத்தில் ஒருவர் என்றுதான் அதற்கு அர்த்தம். கேட்டவர் கேட்டது ஒன்று, எழுதியது இன்னொன்று. அதே தப்பை என் கண் முன்னால், என் கம்பியூட்டரில், ரஞ்சனே ஒரு தடவை செய்து காட்டிவிட்டான்.

ரஞ்சனின் குரல் இறங்கியிருந்தது. "அப்ப எங்க தாத்தாவோட அப்பா யாரும்மா?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்க தாத்தா பொறந்தப்ப நான் பொறக்கவே இல்லயே."

"நல்ல மனுசனா, கோவக்காரரான்னு யாராவது..."

"பேரே தெரியாதுங்கிறேன். இவன் வேற!"

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு அலமாரியைத் திறந்தேன். என் நோட்டுகளுக்கு இலக்கம் உண்டு. ஏழாம் நோட்டில், மேல் டிவிஷன் மாரியம்மன் கோயில் குத்துவிளக்கில் பொறித்திருப்பதை எழுதி வைத்திருக்கிறேன். கங்காணியின் மகன்கள், காலஞ்சென்ற தகப்பனார் நினைவாக அந்த விளக்கைக் கொடுத்திருக்கிறார்கள். வருஷம், மாதம் எல்லாம் இருக்கிறது. பத்தொன்பதாம் நோட்டில் முத்தையாவின் பிறந்த திகதி. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

கங்காணியின் நினைவு விளக்கு கோயிலுக்கு வந்து மூன்று வருஷம் கழித்துப் பிறந்திருக்கிறார் முத்தையா!

இரண்டும் என் கையெழுத்து. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில், வருஷக்கணக்காக அடுத்தடுத்து நின்றிருக்கின்றன. மழை விட்ட நேரத்தை எழுதத் தெரிந்தவனுக்கு, செத்தவர் எப்படிப் பிள்ளை பெறுவார் என்று கேட்கத் தோன்றவில்லை. பெரிய பெயர் ஒன்று கிடைத்ததும் பொன் மையைத் தேடிப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு ரஞ்சன் வீட்டுக்குப் போனேன். கலாவும் இருந்தாள். மேசையில் விரித்துக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன்.

ரஞ்சன் இரண்டு திகதிகளையும் விரலால் மாறி மாறித் தொட்டான். "மூணு வருஷமா! கேம்லகூட ராஜா செத்தா ஒம்பது மாசத்துக்கு மேல டைம் குடுக்க மாட்டாங்க அண்ணே."

சிரித்தோம். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

"கங்காணி குதிரைய அடிச்சாரு, சரி. எங்கப்பா யாரு பேரைச் சொல்லித் தட்ட எறிஞ்சாரு?"

நோட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.

"எங்கப்பாவுக்கு இது தெரியாமலே போயிருச்சு" என்றான். "சின்ன வயசுலருந்து எல்லாரும் அவருகிட்ட அதைத்தான் சொல்லியிருக்காங்க. கங்காணி ரத்தம், கங்காணி ரத்தம்னு. யாராவது ஒருத்தர் 'டேய் ராமையா, தட்ட கீழ வை'ன்னு சொல்லியிருந்தா..."

சரித்திரப் புத்தகங்கள் கொஞ்சம் படித்தவன் நான். ஒரு ராஜா கொடுமைக்காரன் என்றால் அவன் மகனையும் கொடுமைக்காரன் என்று எழுதிவிடுவது அதில் சுலபமான வழி. மகன் என்ன செய்தான் என்று தேட வேண்டியதில்லை பாருங்கள்! அப்பன் பெயரைப் பார்த்தால் போதும், பக்கம் நிரம்பிவிடும். புத்தகத்தில் எழுதினால் பரவாயில்லை. லயத்தில் ஒரு சின்னப் பையனின் காதில் தினமும் அதையே சொன்னால்? அவன் அதற்குத் தக்கபடி வளர்ந்து காட்டிவிடுவான்.

சுவரிலிருந்து படத்தை நானே கழற்றினேன். உச்சிக் கட்டத்தில் இனி யார் பெயரைப் போடுவது? காலியாக விட வேண்டியதுதான். கட்டம் காலியாக இருந்தால் எனக்குக் கை அரிக்கும். அரிக்கட்டும்.

கலா இடுப்பில் கை வைத்து நின்றாள். "சரி, கங்காணி போயிட்டாரு. இனிமே இந்த வீட்ல ஒரு தட்டு பறந்துச்சுன்னா அது கங்காணி எறிஞ்சது இல்ல. நீங்க எறிஞ்சது. தெரிஞ்சிக்கங்க."

ரஞ்சன் தலையைச் சொறிந்துகொண்டு, சிங்களத்தில் சரி சரி என்கிற மாதிரிச் சொன்னான்: "ஹரி ஹரி."

"ஹரி ஹரி இல்ல. மாற மாட்டேன்னீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?"

"தெரியல கலா" என்றான். "முன்ன தெரியும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இப்ப தெரியல."

அதைவிட நல்ல பதிலை நான் அவனிடம் கேட்டதில்லை.

புதன்கிழமை பகல், கேமில் மூன்றாவது பிள்ளை பிறந்தது. இளவரசி. ரஞ்சன் அவளை வேறு ராஜா வீட்டுக்கு அனுப்பவில்லை; தன்னிடமே வைத்துக்கொண்டான். ஆனால் அந்த விளையாட்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. கோபக்கார ராஜா பொறுமையாக ஒரு முடிவெடுத்தால், உடனே அவருக்கு மன அழுத்தம் ஏறும். இயல்புக்கு மாறாக நடக்கிறார் அல்லவா? பாவம், முதலாம் ரஞ்சன் பொறுமையாக இருந்து இருந்து வியாதிக்காரர் போல ஆகிவிட்டார்.

"கஷ்டமா இருக்கு அண்ணே" என்றான் ரஞ்சன், ஸ்கிரீனைப் பார்த்தபடி. கேமைப் பற்றித்தான் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் கத்தார் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி சொன்னதால் நின்றான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது.

வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ் ஐந்தே காலுக்கு. நான் ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தேன். எட்டு பத்துக்குக் கடைக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. ரஞ்சன் உள்ளே கூட்டிக்கொண்டிருந்தான்.

"பஸ் போயிருச்சா?"

"நேரத்துக்குப் போயிருச்சு அண்ணே" என்றான். கூட்டுவதை நிறுத்தவில்லை.

போன திங்கட்கிழமை ஏஜென்சி ஆள் போனில் கூப்பிட்டான். வராததற்காகக் கத்தினான். எனக்கே கேட்டது. தோட்டத்துப் பயல்களை நம்பி இடம் வைத்தது தன் தப்பு என்றான். இன்னும் என்னென்னவோ சொன்னான். ரஞ்சன் கடைசிவரை கேட்டான். போனை வைத்தான். முகம் காதுவரை சிவந்திருந்தது. கை தானாக மேசைக்குப் போய் ஸ்டேப்ளரை எடுத்தது. பெரியது, இரும்பு. நான் மெதுவாக நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

எடுத்தான். பார்த்தான். கீழே வைத்தான்.

பிறகு மழையிலேயே கடையை விட்டு இறங்கி, ஆற்றுப் பக்கம் நடந்தான். பத்தே முக்காலுக்குப் போனவன் பதினொன்று ஐந்துக்கு வந்தான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான்.

"என்ன ரஞ்சன்?"

"ஒண்ணுமில்ல அண்ணே. அடுத்த வியாழக்கிழம எனக்கு லீவு வேணும். கிளினிக்குக் கலா கூட நானும் போறேன்."

இருபது நிமிஷம். நோட்டில் குறித்துக்கொண்டேன். ஒரு கோபம் கீழே இறங்க எவ்வளவு நேரமாகும் என்று இதுவரை நான் எழுதி வைத்ததே இல்லை!